செவ்வாய்க்குக் கீழே ஓர் எறும்பு

ஐந்தாம் அத்தியாயம்

எறும்பு இறந்து இரண்டு நாட்கள் ஆகியிருக்கும் என்று துப்பறிவாளர் பரமலிங்கம் மதிப்பிட்டார். அது ஒரு சிவப்பு எறும்பு. உயிர் நீத்த இடம் ஒரு சாதகக் கடதாசி. இன்னும் நுணுக்கமாகச் சொல்வதாயின், அக்கடதாசியின் ஏழாம் வீட்டிலே தட்டெழுத்தில் பதிந்திருந்த 'செவ்' என்னும் அடையாளத்துக்குக் கீழே, மையோடு மையாக அது நசுங்கிக் கிடந்தது.

அவர் உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுத்தார். அருகில் நின்ற உதவியாளன் பிலிப்பு குனிந்து பார்த்துத் தலையை அசைத்தான்.

"இருந்தது ஒரு சாட்சி. அதுவும் செத்துப் போச்சு, ஐயா."

பிலிப்பு பதினெட்டு ஆண்டுகள் பஸ் நடத்துநனாகப் பணியாற்றியவன். போரினால் பஸ்கள் ஓடாதொழிந்த பின்னர், அரியாலையில் வசித்த பரமலிங்கத்துக்கு உதவியாளனாகவும் அவருடைய சைக்கிளை மிதிப்பவனாகவும் பதவியேற்றிருந்தான். பரமலிங்கமோ நில அளவைத் திணைக்களத்தில் வரைபடங்கள் வரைந்து ஓய்வு பெற்றவர். ஐம்பத்தெட்டாம் வயதிலே துப்பறியும் தொழிலில் இறங்குவதற்கு அவருக்கு ஒரே ஒரு காரணம் இருந்தது. ஆடி மாதத்திலே புதிதாக எழுதுவித்த அவருடைய சாதகத்தில் வியாழன் பத்தாம் வீட்டில் இருந்தார். பத்தாம் வீட்டு வியாழன் அறிவால் புகழ் தருவார் என்பது சாத்திரம். அக்கடதாசியை அவர் நான்காக மடித்துச் சட்டைப் பையில் எப்பொழுதும் வைத்திருந்தார். வழக்கொன்றில் தடுமாறும்போது அதனைத் தொட்டுக்கொள்வார்.

இப்பொழுது அதனைத் தொட்டுக்கொண்டார். ஏனெனில், எதிரே கதிரையின் நுனியில் அமர்ந்திருந்த பாலேஸ்வரிக்கு நேரம் மிகவும் குறைவாக இருந்தது.

பாலேஸ்வரி இருபத்தேழு வயது ஆசிரியை. இடம்பெயர்ந்து வந்து திருநெல்வேலியிலே வாடகை வீடொன்றில் பெற்றோருடன் தங்கியிருந்தாள். அவளுடைய பழைய சாதக ஓலை, விட்டுவந்த வீட்டின் பெட்டகத்துக்குள்ளே அகப்பட்டுப் போயிற்று. அதனால், பிறந்த நாளையும் நேரத்தையும் கொடுத்து, சுன்னாகத்து நமசிவாயம் சாத்திரியாரிடம் புதிய சாதகம் கணிப்பித்தார்கள். மணமகன் நடராசா அவளை விரும்பிக் கேட்டவன். மறுநாட் காலையிலே தாலிக்குப் பொன்னுருக்குவதாக ஏற்பாடு. இந்நிலையில் மணமகனின் தாயார் இரத்தினம்மா புதிய சாதகத்தை வாங்கிப் பார்த்தார். ஏழில் செவ்வாயைக் கண்டார். உடனே கடதாசியைத் தரையில் போட்டார். தம் மகனுடைய எட்டிலே சுக்கிரன் வீற்றிருக்கிறார் என்பதை அந்த அம்மையார் ஊர்க்கிணறுகள் யாவற்றுக்கும் ஏற்கெனவே அறிவித்திருந்தார். அத்தகைய மகனுக்குச் செவ்வாய்க் குற்றமுள்ள பெண்ணா? அன்று பின்னேரம் நான்கு மணிக்குத் தாம் சாத்திரியாரிடம் போய், மகனுக்கு வேறு பெண்ணின் சாதகம் பார்க்கப் போவதாகச் சொல்லியனுப்பியிருந்தார்.

பாலேஸ்வரி அழவில்லை. தனக்குச் செவ்வாய்க் குற்றம் இல்லையென்று தன் தந்தையார் பழைய ஓலையைப் பார்த்துப் பல முறை சொன்னதுண்டு என்றாள். ஆகையால் எவரோ கடதாசியை மாற்றியிருக்க வேண்டும். மாற்றியவரைக் கண்டுபிடித்தால் நடராசா தாயாரோடு கதைப்பார். கண்டுபிடிக்காவிட்டால் அவரால் கதைக்க முடியாது. அவர் தாயாரை எதிர்த்துப் பேசிப் பழகாதவர்.

"மாமிக்கு முதலே என்னிலை ஒரு குறை இருந்தது," என்றாள் அவள். "நான் சைக்கிளிலை பள்ளிக்கூடம் போறனாம். கலியாணம் முடிய அதை விடவேணுமெண்டு கண்டிப்பாச் சொன்னவ. இப்ப செவ்வாயும் சேந்திட்டுது."

பரமலிங்கம் கடதாசியை மீண்டும் ஆராய்ந்தார். கொப்பியிலிருந்து கிழித்த கோடிட்ட தாள். பன்னிரண்டு வீடுகளும் கையால் கோடிழுக்கப்பட்டிருந்தன. கிரகங்களோ ஒவ்வொன்றும் ஒரே தட்டில் விழுந்த சிறு அடையாளங்கள். திடீரென்று அவருடைய மூக்கு சிவந்தது. அது அவருக்குச் சிந்தனை உதிக்கும் அறிகுறி.

இராகுவும் கேதுவும் எக்காலத்திலும் நேரெதிர் வீடுகளிலே இருப்பவர்கள். ஒருவரை ஒருவர் ஏழாம் வீட்டிலிருந்து முறைத்துக்கொண்டிருப்பதே அவர்களுடைய தொழில். ஆனால் இக்கடதாசியில் கேது நான்காம் வீட்டிலும் இராகு ஐந்தாம் வீட்டிலும், அயலவர் போல, வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருந்தார்கள்.

"சாத்திரம் தெரிஞ்ச எவனும் இப்பிடி அடிக்கமாட்டான்," என்றார் அவர். "இதை அடிச்சவனுக்குக் கிரகத்தைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் கிரகம் அடிக்கிற ரைப்ரைற்றர் அவன்ரை கைக்கு எட்டுது."

அத்தகைய பொறி குடாநாட்டிலே ஒன்றுதான் இருந்தது. அது சாத்திரியாருடைய சிறிய கைப்பெட்டித் தட்டெழுத்துப் பொறி. அதன் விசைகளை மாற்றியமைத்துக் கொடுத்தவர் திருநெல்வேலிச் சந்தைக்குப் பின்னால் திருத்தகம் வைத்திருந்த தேவராஜா. தேவராஜா மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்தவர். ஞாயிறுதோறும் பாடற்குழுவிலே கட்டைக் குரலில் பாடுபவர். கிரகங்களோடு எவ்விதக் கொடுக்கல் வாங்கலும் இல்லாதவர். பரமலிங்கத்தின் கணிப்பிலே குற்றவாளிக்கு வேண்டிய இலக்கணங்கள் யாவும் அவரிடம் பொருந்தியிருந்தன.

பிலிப்பு சைக்கிளை எடுத்தான். பரமலிங்கம் பின்னிருக்கையில் குடையோடு ஏறினார்.

"றைற்," என்று நடத்துநன் பழக்கத்திலே தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பிலிப்பு மிதித்தான். பாலேஸ்வரி தன் சைக்கிளில் முன்னே சென்றாள். ஒவ்வொரு சந்தியிலும் அவள் நின்று இவர்களுக்காகக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

தேவராஜா குற்றச்சாட்டைக் கேட்டுச் சினமடையவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முழுக் கதையையும் கூறினார். சித்திரை மாதத்திலே சாத்திரியார் பொறியைக் கொண்டுவந்தார். ஒரு நாளைக்குப் பத்துச் சாதகம் எழுதிக் கை வீங்கிவிட்டது என்றும், ஒவ்வொரு கிரகத்தையும் ஒரே விசையில் அடிக்கும்படி செய்து தரவேண்டும் என்றும் கேட்டார். பொறி மிகச் சிறியது, விசைகள் குறைவு. ஆகவே சாதகத்துக்கு உதவாத ஒன்பது அடையாளங்களைத் தேவராஜா கழற்றி எறிந்தார். அந்த ஒன்பது அச்சுத் தண்டுகளின் நுனியில் ஒன்பது கிரகங்களையும் ஈயம் வைத்து ஒட்டினார். மேலே விசைகளின் தலையில் கிரகங்களின் பெயர்ச்சீட்டுகளை அரக்கால் ஒட்டினார்.

அதிகம் பயன்படும் கிரகங்களை வலுவான விரல்களுக்குக் கீழே வைப்போம் என்று அவர் யோசனை சொன்னாராம். சாத்திரியார் காதைப் பொத்திக்கொண்டாராம்.

"தெய்வங்களை விரலின்ரை வசதிக்கு இருத்தேலாது எண்டிட்டார்," என்றார் தேவராஜா. "கோயிலிலை நவக்கிரகம் இருக்கிறமாதிரியே வரவேணுமாம். நடுவிலை சூரியன், சுத்திவர எட்டுப் பேர். படம் கீறித் தந்தவர். நான் அதை அப்பிடியே செய்தனான்."

அவர் கொப்பியைப் புரட்டிக் காட்டினார். மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று கட்டம். நடுவிலே சூரியன். மேல் வரிசையின் நடுவில் வியாழன், கீழ் வரிசையின் நடுவில் செவ்வாய், இடப்புறம் சனி, வலப்புறம் சுக்கிரன். மூலைகளிலே ஏனைய நால்வர். படத்தின் உச்சியில் 'வடக்கு' என்று எழுதி ஓர் அம்புக்குறியும் இடப்பட்டிருந்தது. சித்திரைக்குப் பின்னர் பொறி தம்மிடம் வரவேயில்லை என்று தேவராஜா வேதப்புத்தகத்தில் கைவைத்துச் சொல்வதற்கு எழுந்தார்.

பரமலிங்கம் அதற்கு இடங்கொடுக்காமல் இறந்த எறும்பைக் காட்டினார். தேவராஜா அதனைப் பார்த்த பார்வையிலே தொழிலாளியின் மனம் புண்பட்டது தெரிந்தது. தமது கடையில் எறும்புக்கு இடமில்லை என்றார். அரக்கில் எறும்பு மொய்க்காது. சோற்றுப் பசையில்தான் மொய்க்கும். தாம் ஒருபோதும் சோற்றுப் பசையால் ஒட்டியதில்லை.

பிலிப்பு கடையை மோந்து பார்த்தான். இயந்திர எண்ணெயும் அரக்கும் கலந்த மணம் தொண்டையை அடைத்தது.

"உண்மைதான் ஐயா. உதுக்குள்ளை எறும்பு வந்தால் தலைசுத்தி விழுந்திடும். மிச்சத்தூரம் நடந்து போய்க் கடதாசியிலை சாகாது."

இவ்வாறு முதலாவது குற்றவாளி கைநழுவினார். பரமலிங்கம் கொப்பியிலிருந்த படத்தைப் பிரதிசெய்யக் கடதாசி தேடினார். பிலிப்பு தன் பழைய தோற்பையிலிருந்து, இனி எந்தப் பஸ்ஸுக்கும் உதவாத ரிக்கற் கட்டு ஒன்றை எடுத்து நீட்டினான். ஒரு ரிக்கற்றின் பின்புறத்திலே நவக்கிரகங்களும் இடம்பிடித்தன.

கோண்டாவில், இணுவில் வழியாகச் சுன்னாகத்தை அடைந்தபொழுது மணி மூன்றரை. வழியெங்கும் பரமலிங்கம் துப்புகளைக் கூட்டிக் கழித்தார். சாத்திரியாரின் வீட்டுக்குள் எவனோ புகுந்து, பொறியைப் பயன்படுத்திவிட்டுத் தடயமின்றி வெளியேறியிருக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்திருந்தார். அந்த அந்நியனுடைய உயரத்தைக்கூட மனத்திலே கணித்து வைத்திருந்தார்.

நமசிவாயம் சாத்திரியார் எழுபது வயதினர். மெலிந்த உடம்பு, அகன்ற திருநீறு. அந்நியன் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் சிரித்தார். அந்தச் சாதகத்தை அடித்தவர் தாமே என்றார். கணக்கைச் சிலேட்டிலே போட்டு, பார்த்துப் பார்த்து ஒவ்வொரு விசையாக அடித்து, சிலேட்டை அழித்துவிட்டதாகவும் சொன்னார். கடதாசிக்குப் பஞ்சமான காலத்தில் கணக்குக்கென்று தனித் தாள் செலவழிக்க முடியுமா? ஏழாம் வீட்டிலே எந்தக் கிரகம் என்று வினவியபோது, நாளொன்றுக்குப் பத்துப் பேருடைய ஏழாம் வீடுகளை நினைவில் வைத்திருக்கத் தம்மால் இயலாது என்றார். அடித்த பின்னர் வாசித்துப் பார்ப்பதுண்டா என்று பரமலிங்கம் கேட்டார்.

"எழுதின கை எழுதினதைத் திருப்பிப் பாக்கக் கூடாது," என்றார் சாத்திரியார். "அது என்ரை குருவின்ரை கட்டளை. அடிச்சு முடிஞ்ச உடனை மஞ்சள் தடவி மடிச்சுப் போடுவன்."

பாலேஸ்வரியின் முகம் வாடியது. அந்நியன் இல்லை, மாற்றியவன் இல்லை, அப்படியானால் செவ்வாய் தன்னுடையதே என்று அவள் எண்ணியிருக்க வேண்டும். அவள் வாசற்கதவைப் பற்றிக்கொண்டு றோட்டைப் பார்த்தாள். நான்கு மணிக்கு இன்னும் பதினைந்து நிமிடங்கள் இருந்தன.

பரமலிங்கம் சட்டைப் பையிலிருந்த வியாழனைத் தொட்டார். வியாழன் எதுவும் சொல்லவில்லை. அப்பொழுது பிலிப்புதான் மேசையருகே நின்று கூப்பிட்டான்.

"ஐயா, உங்கை மிசினிலை எறும்பு மேயுது."

உண்மைதான். பொறியின் மற்ற விசைகளை ஏறெடுத்தும் பாராமல், நவக்கிரகங்களின் ஒன்பது விசைகளை மட்டும் சிவப்பு எறும்புகள் வலம் வந்துகொண்டிருந்தன. பரமலிங்கம் குனிந்து நகத்தால் ஒரு சீட்டைச் சுரண்டினார். சோற்றுப் பசை. அடியிலே பழைய அரக்கின் தடம் இருந்தது.

அவருடைய மூக்கு இரண்டாம் முறை சிவந்தது. ரிக்கற்றை எடுத்து விசைகளுக்கு நேரே பிடித்தார். தேவராஜாவின் படத்திலே கீழ் வரிசை நடுவில் இருந்த செவ்வாய், இங்கே வலப்புறத்தில் இருந்தார். வலப்புறத்துச் சுக்கிரன் மேலே ஏறியிருந்தார். மேலேயிருந்த வியாழன் இடப்புறம் போயிருந்தார். இடப்புறத்துச் சனி கீழே இறங்கியிருந்தார். சூரியன் ஒருவர்தாம் அசையவில்லை.

பின்னர் அவர் தரையைப் பார்த்தார். மேசைக் கால்கள் நின்ற நான்கு பழைய அடையாளங்கள் வடக்கு யன்னலின் கீழே சீமெந்தில் வெளிறித் தெரிந்தன. யன்னலுக்கு வெளியே பதுங்குகுழி வெட்டிய மண் குவிந்து, வெளிச்சத்தை மறைத்து நின்றது. நில அளவைத் திணைக்களத்திலிருந்து பிரியாவிடைப் பரிசாகக் கிடைத்த திசையறி கருவியை எடுத்து மேசைமீது வைத்தார். முள் ஆடி நின்றது. சாத்திரியார் இப்பொழுது உட்காரும் கதிரை கிழக்கை நோக்கியிருந்தது.

சாத்திரியார் ஒளிக்கவில்லை, பெருமையோடு விளக்கினார். ஆனி மாதத்திலே குழி வெட்டியதால் வடக்கு யன்னல் இருண்டுவிட்டது. வெளிச்சத்துக்காக மேசையைக் கிழக்கே திருப்பினார். திருப்பியதும் ஒரு பெரும் பிழை அவர் கண்ணிற் பட்டது. தெற்கே இருக்க வேண்டிய செவ்வாய் மேற்கே போய்விட்டார். வடக்கே இருக்க வேண்டிய வியாழன் கிழக்கே நின்றார்.

"தெய்வத்தைத் திசைமாறி இருத்தலாமோ?" என்றார் அவர். "அண்டைக்கே எட்டுச் சீட்டையும் கழட்டி, அவரவரை அவரவற்றை திசையிலை ஒட்டிப் போட்டன். சூரியன் நடுவிலை தானே, அவரையும் ஒருக்கால் கழட்டித் துடைச்சு ஒட்டினன்."

பரமலிங்கம் பதில் சொல்ல வாயெடுத்தார். ஆனால் அது எவ்வகைக் குற்றம் என்று அவருக்கு இன்னும் முழுமையாகத் தெளியவில்லை. பிலிப்புவுக்குத் தெளிந்துவிட்டது. அவன் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னான்:

"ஐயா, முந்தி எங்கடை டிப்போவிலை ஒருநாள் நடந்தது. பருத்தித்துறை பஸ்ஸிலை ஆரோ காரைநகர் எண்டு போர்டைக் கொழுவி விட்டிட்டான். போர்டைப் பாத்துச் சனம் ஏறிச்சுது. பஸ் பருத்தித்துறைக்குத்தான் போச்சுது. சாத்திரியார் ஐயாவும் போர்டைத்தான் மாத்தியிருக்கிறார். உள்ளுக்கை ஈயம் வைச்சு ஒட்டினது பழைய றூட்டிலைதான் ஓடுது."

அறையிலே எறும்புகள் மட்டும் அசைந்தன.

அந்த நேரத்திலே வேலிப் படலை திறந்தது. இரத்தினம்மா குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். பருத்த உடம்பு, காதிலே வெள்ளைக்கல் தோடு, கையிலே மகனுடைய சாதகம். பாலேஸ்வரியைக் கண்டதும் அவர் வாசலிலேயே நின்றுகொண்டு, சைக்கிளில் ஊர் சுற்றும் பெண்ணுக்கு இங்கும் என்ன வேலை என்று சாத்திரியாரிடம் விசாரித்தார்.

பரமலிங்கம் அவரைக் கும்பிட்டு அமரச் செய்தார். இத்தகைய தருணத்துக்காகவே அவர் ஓய்வு பெற்றிருந்தார். ஒரு கொப்பித் தாளைப் பொறியிலே செருகினார்.

"சாத்திரியார், சனியை அடியுங்கோ."

சாத்திரியார் கீழ் வரிசையின் நடுவிலிருந்த சனியைக் கண்டு, விரலை உயர்த்தி, ஓங்கி அடித்தார். தண்டு எழுந்து விழுந்தது. குருவின் கட்டளையை நினைத்து அவர் கண்ணை மூடிக்கொண்டார். மற்ற யாவரும் குனிந்து பார்த்தார்கள். தாளிலே பதிந்திருந்தது 'செவ்'.

பரமலிங்கம் பாலேஸ்வரியின் கடதாசியை விரித்தார். ஏழாம் வீட்டிலே சாத்திரியார் இருத்தியவர் சனி. பொறி பதித்தது செவ்வாயை. நிரூபணத்துக்காக இராகுவையும் கேதுவையும் அடிப்பித்தார். இராகு சந்திரனாக விழுந்தார். கேது இராகுவாக விழுந்தார். கடதாசியிலே சந்திரன் பதினோராம் வீட்டிலும் இராகு ஐந்தாம் வீட்டிலும் இருந்தார்கள். நேரெதிர். பிரிந்திருந்த இரு பகைவரும் தத்தம் இடங்களுக்குப் போய் மீண்டும் முறைத்துக்கொண்டார்கள்.

கடைசியாகச் செவ்வாய் விசை. அது சுக்கிரனாக விழுந்தது. பாலேஸ்வரியின் கடதாசியிலே சுக்கிரன் இருந்தது மூன்றாம் வீடு.

சாத்திரியார் கண்ணைத் திறந்து பலன் சொன்னார். பிள்ளைக்குச் செவ்வாய்க் குற்றம் அறவே இல்லை. ஏழிலே சனி; அதனால் திருமணம் சற்றுத் தாமதித்தது, அவ்வளவுதான். மூன்றிலே செவ்வாய், அது துணிவைக் கொடுக்கும்.

"அது றோட்டிலை பாத்தனாங்கள்," என்றான் பிலிப்பு.

இரத்தினம்மா தோட்டைத் திருகிக்கொண்டார். பின்னர், நியாயமான பெண்மணிக்குரிய குரலில், பிழை பொறியினுடையது என்றால் தமக்கு மறுப்பில்லை என்றார். அத்தோடு நில்லாமல், வந்ததுதான் வந்தோம், மகனுடைய சாதகத்தையும் திருத்தித் தாருங்கள் என்று அதையும் மேசைமேல் விரித்தார். அதுவும் ஆடி மாதத்தில் இதே பொறியிலே அடித்தது. தம் கண்மணியின் எட்டாம் வீட்டுச் சுக்கிரனை எல்லோரும் நன்றாகப் பார்க்கட்டும் என்று விரலால் தொட்டும் காட்டினார்.

பரமலிங்கம் யன்னலைப் பார்த்தார். பிலிப்பு கூரையைப் பார்த்தான். சாத்திரியார் உதட்டை நனைத்துக்கொண்டார்.

"சுக்கிரன் எண்டு விழுந்திருக்கிற இடத்திலை, தங்கச்சி, உண்மையா இருக்கிறவர்..."

அவர் முடிக்கவில்லை. பொறியின் உருளையிலே, சற்று முன்னர் அடித்த செவ்வாய், சுக்கிரன் என்ற பெயரோடு இன்னும் மை காயாமல் இருந்தது. இரத்தினம்மா அதனைப் பார்த்தார். தம் மகனுடைய எட்டாம் வீட்டைப் பார்த்தார். எட்டிலே செவ்வாய் என்றாலும் அதே செவ்வாய்க் குற்றந்தான் என்பதை அவருக்கு எவரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. இரண்டு நாட்களாக அவரே ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தவர். அவருடைய கை மெல்ல நகர்ந்து கடதாசியை எடுத்தது. இரண்டாக மடித்தது, நான்காக மடித்தது, எட்டாக மடித்தது, சேலைத் தலைப்பில் முடிந்தது.

"தம்பியின்ரை சரியாத்தான் இருக்கு," என்றார் அவர். "அடிச்சது அடிச்சபடி இருக்கட்டும்."

பின்பு பாலேஸ்வரியின் பக்கம் திரும்பி, பொன்னுருக்கும் பத்தர் காலை ஏழரைக்கு வருவார் என்றும், தகப்பனாரை ஏழு மணிக்கே வரச் சொல்லும்படியும் கூறினார். அக்குரலிலே அதுவரை எவரும் கேட்டிராத கனிவு இருந்தது.

பாலேஸ்வரி அந்தச் சேலை முடிச்சைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதை அவிழ்க்கச் சொல்ல அவளுக்கு முழு உரிமையும் இருந்தது. அறையிலிருந்த ஐவருக்கும் அது தெரியும்.

"அப்பாட்டைச் சொல்லுறன், மாமி. எனக்கு அவரிலை ஒரு குறையும் இல்லை," என்றாள் அவள். "நான் கலியாணத்துக்குப் பிறகும் சைக்கிளிலைதான் பள்ளிக்கூடம் போவன்."

"போ பிள்ளை," என்றார் இரத்தினம்மா. "ஆர் வேண்டாமெண்டது? காத்து அடிச்சுக் கொண்டு போ."

அவர் குடையை விரித்துக்கொண்டு வெளியேறினார். பாலேஸ்வரி சாத்திரியாரையும் பரமலிங்கத்தையும் கும்பிட்டுவிட்டுச் சைக்கிளில் ஏறினாள். அவள் சந்தியைக் கடந்து மறைந்தது வழக்கத்திலும் வேகமாக நிகழ்ந்தது. சாத்திரியார் தலையில் கைவைத்து, ஆனி மாதத்திலிருந்து எத்தனை வீடுகளுக்குச் சாதகம் அடித்தோம் என்று விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். இரு கைவிரல்களும் போதவில்லை.

பிலிப்பு சைக்கிளை வேலியிலிருந்து எடுத்தான். எதையோ நினைத்தவன் போல நின்றான்.

"ஐயா, உங்கடை சாதகமும் ஆடியிலைதானே அடிச்சது? உந்த மிசின்தானே?"

பரமலிங்கத்தின் கை தன்னிச்சையாகச் சட்டைப் பைக்குச் சென்றது. எதை அடித்தால் வியாழன் விழும் என்பதை ரிக்கற்றின் பின்புறம் பார்த்தாலே அறியலாம். அவர் பார்த்தார். சுக்கிரன் ஏறியிருந்த மேல் விசை, முன்னாளில் வியாழனுடையது. ஆகவே அவருடைய பத்தாம் வீட்டிலே வியாழன் என்ற பெயரில் இத்தனை நாளும் குடியிருந்தவர் சுக்கிரன்.

"பத்திலை சுக்கிரன் எண்டால் என்ன பலன், சாத்திரியார்?" என்று பிலிப்பு யன்னல் வழியாகக் கேட்டான்.

எண்ணுவதை நிறுத்தாமலே சாத்திரியார் விடை சொன்னார். நாடகம், கூத்து, வேடம் போடுதல் ஆகியவற்றால் புகழ் வரும் என்றார்.

பதினெட்டு ஆண்டுகள் பஸ்ஸிலே நின்ற பிலிப்புவுக்கு எங்கே வாயை மூட வேண்டும் என்பது தெரியும். ஆனால் அவனுடைய தோள்கள் குலுங்கின.

துப்பறிவாளர் பரமலிங்கம் கடதாசியைப் பிரித்துப் பார்க்கவில்லை. நான்காக மடிந்திருந்ததை எட்டாக மடித்துப் பைக்குள் ஆழமாகத் தள்ளினார். குடையை எடுத்துக்கொண்டு பின்னிருக்கையில் ஏறி, முதுகை நிமிர்த்தி அமர்ந்தார்.

"அடிச்சது அடிச்சபடி இருக்கட்டும், பிலிப்பு," என்றார். "மிதி."